கப்பலேறிப் போன முடி

1

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? நாற்று நட்டாயிற்றா, வரப்பு வெட்டியாயிற்றா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்களா? ஊரிலிருந்து பினாங்குக்குக் கப்பலேறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரே சேதியைச் சொல்லி அனுப்புகிறீர்கள். செல்லம்மாவைப் பார், அந்த வருஷம் பிள்ளை வராமல் பிள்ளையின் முடி மட்டும் ஏன் ஊருக்கு வந்தது என்று கேட்டு வா என்று. இத்தனை காலம் கழித்து அது தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? நெல் கூடுதலாக விளையுமா?

போன வாரமும் ஒருவன் வந்தான். நம் மேலத்தெருப் பையன். கப்பல் ஆட்டம் இன்னும் கால் விட்டுப் போகவில்லை, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அத்தே, ஊர்ல எல்லாரும் ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"எல்லாருமா? மாடும் கேட்டுச்சா?"

"அதில்ல அத்தே, அந்த முடி..."

"முதல்ல உக்காந்து கோப்பி குடி. நீ கீழ விழுந்தா உன்னைத் தூக்க இங்க எனக்கு ஆள் கெடையாது."

குடித்தான். குடித்துவிட்டு மறுபடி முடி என்றான். அவனைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. கேட்கச் சொல்லி அனுப்புகிறவர்கள் நீங்கள்.

சரி, எழுதிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அடுப்பில் பால் பொங்குகிற நேரம். அதனால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்ளுங்கள். நடுவில் யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது. அழ வேண்டியதையெல்லாம் நான் அப்போதே தனியாக அழுது தீர்த்துவிட்டேன். உங்களுக்குப் பங்கு வைக்கவில்லை.

2

அப்போது நாங்கள் சுங்கை பினாங்கில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், வீடு மட்டும் மாறிவிட்டது. ஆற்றை ஒட்டிப் பலகை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறாயுசு சொல்வார்கள், அவ்வளவு நெருக்கம். என் வீட்டுக்காரர் இரட்டை மாட்டு வண்டி வைத்திருந்தார். துறைமுகத்தில் இறங்கும் அரிசி மூட்டைகளைக் கிட்டங்கிகளில் கொண்டு சேர்ப்பார். ஊமை என்று சொல்ல முடியாது. மாடுகளிடம் நன்றாகப் பேசுவார்.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்தவள்தான் கறுப்பாயி. அவள் வயிற்றில் இருக்கும்போதே என் வீட்டுக்காரர் கறுப்பருக்கு நேர்ந்துகொண்டார். முதல் முடியை அவர் வாசலில் வந்து இறக்குகிறோம், தாய்மாமன் மடியில் உட்கார்த்தி மொட்டையடித்து, அதே மடியில் காதும் குத்தி, சனத்துக்குப் பந்தி போடுகிறோம் என்று. அதுவரை பிள்ளை தலையில் கத்தி படாது.

இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குக் கறுப்பர் வாய்க்காலைத் தாண்டினால் இருக்கிறார். எங்களுக்குக் கடலைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு நடக்கும்.

"அடுத்த வருஷம் போயிடுவோம்."

"போன வருஷமும் அடுத்த வருஷம்னுதானே சொன்னீங்க?"

"அந்த அடுத்த வருஷத்ததான் சொல்றேன். அது இன்னும் வரல."

ஒரு வருஷம் மாடு செத்தது. ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல். கப்பல் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கறுப்பாயிக்கு முடி இடுப்பைத் தாண்டியது. எண்ணெய் வைத்துச் சீவிப் பின்னுவதற்குள் என் கை ஓய்ந்துவிடும், பேன் பார்ப்பது தனி உத்தியோகம். ஆற்றோரத்து மலாய்ப் பிள்ளைகள் அவளுக்கு "ரம்புட் பாஞ்சாங்" என்று பேர் வைத்திருந்தார்கள். நீளமுடி என்று அர்த்தம். நான் கறுப்பாயி என்று தொண்டை கிழியக் கத்தினாலும் வரமாட்டாள். அவர்கள் ரம்புட் பாஞ்சாங் என்று ஒரு குரல் கொடுத்தால் ஓடுவாள்.

3

அவளுக்கு ஐந்து வயது நடக்கையில் இடது காதில் சீழ் வடிந்தது. தெருவே வைத்தியம் சொன்னது. ஒருத்தி பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்றாள். ஒருத்தி துளசிச் சாறு என்றாள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தாய்ப்பால் விட வேண்டும் என்று சொன்னதோடு நிற்காமல், தானே வந்து குனிந்து பீய்ச்சிவிட்டும் போனாள். ஒரு நாள் சீழ் நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பாயசம் காய்ச்சி, தெருவுக்கே கொடுத்தேன். வெளியே வந்துகொண்டிருந்தது உள்ளே திரும்பியிருக்கிறது. அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

பாயசம் செரிப்பதற்குள் காய்ச்சல் வந்தது. காதுக்குப் பின்னால் வீங்கி, காதை முன்னால் தள்ளியது. ஒரு பக்கக் காது மட்டும் முறம் போல விரிந்து நின்றது. தலையைத் தொடவிடாமல் கத்தினாள். அப்புறம் கத்துவதையும் நிறுத்திவிட்டாள்.

காலையில் காதர் அண்ணன் வந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர். தோளில் கம்பு வைத்து, ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறியுமாகச் சுமந்து துறைமுகத்து ஆட்களுக்கு விற்பவர். எங்கள் வாசல் வழியாகத்தான் போவார். என்னைத் தங்கச்சி என்பார், பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்காமல் தாண்ட மாட்டார். அன்று எட்டிப் பார்த்தவர் கம்பை இறக்கவேயில்லை.

"தங்கச்சி, இதுக்கு எண்ணெய் காய்ச்சிக்கிட்டு இருக்காத. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இப்பவே போ."

வீட்டுக்காரர் ஏற்றியிருந்த மூட்டைகளை வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, வண்டியில் வைக்கோலைப் பரப்பினார். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்த விதம் அப்படி. கதவிடுக்குகளில் மட்டும் கண்கள் தெரிந்தன. பாயசம் குடித்த கண்கள்தான்.

4

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் வீக்கத்தை விரலால் ஒருமுறை அழுத்தினார். பிள்ளை போட்ட சத்தத்தில் விரலை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற, கட்டுப் போடுகிற டிரெஸ்ஸரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் சிரிப்பைப் பூட்டிச் சாவியைத் தொலைத்தவர்.

"காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள சீழ் கட்டியிருக்குது. இண்டைக்கே வெட்டித் திறக்க வேணும். விட்டால் மூளைக்குப் போயிடும். விளங்குதோ?"

"விளங்குதுங்க ஐயா. வெட்டினா பொழைச்சிக்குமா?"

"வெட்டாட்டில் பிழைக்காது."

"நான் கேட்டது அது இல்லீங்களே."

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிழைக்கும் எண்டு நினைச்சுத்தான் துரை வெட்டுறார்" என்றார்.

பெருவிரல் நாட்ட வேண்டிய காகிதம் வந்தது. வீட்டுக்காரர் விரலில் மையும் தடவியாயிற்று. அந்த நேரம் பார்த்து டிரெஸ்ஸர் சொன்னார், "முதல்ல முடியை வழிக்க வேணும்."

வீட்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டார். "முடியையா?"

"ஓம். முடியோட எப்பிடி வெட்டுறது?"

"அது சாமி முடிங்க. ஊருக்குக் கொண்டுக்கிட்டுப் போயி வழிச்சிட்டுக் கொண்டாந்துடுறோம்."

டிரெஸ்ஸர் அவர் முகத்தையே பார்த்தார். பரிகாசம் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "தம்பி, கப்பல் நாகப்பட்டினம் போய்ச் சேர ஒரு கிழமை, ஏழு நாள் வேணும். இந்தப் பிள்ளைக்கு ஒரு நாள்கூட இல்லை."

வீட்டுக்காரர் மையோடிருந்த பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் குந்திவிட்டார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். அவள் உடம்பு என் கழுத்தைச் சுட்டது.

அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பிள்ளைகளைத் தன் கையாலேயே குழியில் இறக்கியவர். "ரெண்டு போயிருச்சு செல்லம்மா" என்றார். "இது நேர்ந்து வந்த புள்ள. அவரு வாசலுக்குப் போகாம கத்திய வச்சு, வெட்டுற எடத்துலயே அவரு எடுத்துக்கிட்டாருன்னா?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பயந்தால் காரியம் யார் பார்ப்பது?

"கறுப்பரு என்ன கேட்டாரு? முடியத்தானே கேட்டாரு? எந்த ஊருக் கத்தின்னு கேட்டாரா?"

"அவரு வாசல்ல எறக்கணும்."

"முடிய அனுப்பி வாசல்ல எறக்குவோம். முடிக்குக் காய்ச்சல் இல்ல, அது கப்பல் ஏறும்."

மடக்கிய விரலைப் பிரித்து மையைப் பார்த்தார். பிறகு, "மாமன் மடி வேணுமே" என்றார். அதில் அவர் குரல் உடைந்துவிட்டது. என் அண்ணன்மார் மூன்று பேரும் அந்த நேரம் அங்கே உங்களோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

"மாமன் இருக்காரு."

"யாரு?"

"அந்தா, வாசல்ல பாருங்க."

காதர் அண்ணன் வண்டிக்குப் பின்னாலேயே சோற்றுக்கம்போடு நடந்து வந்திருந்தார். வியாபாரத்துக்குப் போகவில்லை. வாசலில் கம்பை இறக்கிவிட்டு நிழலில் நின்றுகொண்டிருந்தார்.

"அவரு பாய் ஆச்சே செல்லம்மா."

"என்னத் தங்கச்சின்னு கூப்பிடுற ஒரே ஆளு இந்தத் தீவுல அவருதான். தங்கச்சின்னா எம் புள்ளைக்கு அவரு மாமன். கறுப்பரு ஆட்சேபம் பண்ணுனா நான் பேசிக்கிறேன்."

அவர் எழுந்து போய்க் காதர் அண்ணனிடம் என்ன சொன்னாரோ தெரியாது, மாடுகளிடம் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் சொல்லியிருப்பார். காதர் அண்ணன் குழாயடியில் கை, கால், முகம் கழுவிக்கொண்டு வந்தார். வராந்தாத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "புள்ளையக் குடு தங்கச்சி" என்றார்.

டிரெஸ்ஸர் ஓடி வந்தார். "என்ன இது? இது ஆஸ்பத்திரி. கோயில் இல்லை."

"வழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க ஐயா? இவரு மடியில வச்சு வழிச்சா முடி வராதா?"

"சரி, சரி, வழியுங்கோ. இடப்பக்கம் மட்டும்."

அங்கேதான் பெரிய சண்டை. அவர்களுக்குக் காதுப் பக்கம் மட்டும் வழித்தால் போதும். அரைமொட்டையைச் சாமிக்கு எப்படி அனுப்புவது? "ஐயா, பாதி மொட்டை போட்டா எங்க சாமி பாதிப் புள்ளையத்தான் பாத்துக்குவாரு. மீதியை நீங்க பாத்துக்குவீங்களா?"

"நான் இந்தப் பாதியையே பாக்க ஏலாமல் நிக்கிறன், அம்மா."

உள்ளே போய் டாக்டரிடம் கேட்டார். என்ன மொழிபெயர்த்தாரோ, டாக்டர் கதவு வழியாகத் தலையை நீட்டி எங்களை ஒரு பார்வை பார்த்து, மணிக்கூட்டைப் பார்த்து, கையை வீசினார். முழுத்தலையும் வழி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கத்தி பிடித்தவர் வயதான மலாய்க்காரர். பின்னலை அவிழ்த்துக் கையில் தூக்கிப் பார்த்து, "சாயாங், சாயாங்" என்று நாக்கைத் தட்டினார். இவ்வளவு முடி வீணாகிறதே என்ற வருத்தம் அவருக்கு. டிரெஸ்ஸர் கடிகாரத்தைப் பார்த்தபடி, "எந்தப் பக்கம் பாத்து இருத்துறது உங்கட வழக்கம்? கெதியாச் சொல்லுங்கோ" என்றார். அப்படித்தான் அந்தப் பூட்டிய மனிதருக்குள் ஆள் இருப்பது தெரிந்தது.

"கெழக்க" என்றேன் நான்.

"இல்ல" என்றார் வீட்டுக்காரர். "மேக்க. அவரு மேக்கதான இருக்காரு."

அந்த வராந்தாவிலிருந்து மேற்கே பார்த்தால் பினாங்கு மலை. மலைக்கு அந்தப் புறம் பாலிக் புலாவின் சாதிக்காய்த் தோட்டங்கள், அப்புறம் கடல், கடல் முடிகிற இடத்தில் நீங்கள். மலையைப் பார்த்துத்தான் என் பிள்ளைக்கு மொட்டை அடித்தோம்.

பிள்ளை அரைக்கண் திறந்து, "அம்மா, மாமா மேல கறி வாசம் அடிக்குது. சோறு குடுக்கச் சொல்லு" என்றாள். மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள், பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தினமும் எத்தனையோ பேருக்குச் சோறு போடுகிற மனிதர், அவளுக்கு ஒரு பருக்கை கொடுக்க முடியாமல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வழித்து முடித்ததும் தோளில் கிடந்த கட்டம் போட்ட துண்டை உதறி அவளுக்குப் போர்த்தினார். "மாமன் சீரு" என்றார். "அல்லா லேசாக்குவான்."

வீட்டுக்காரர் எழுந்து போய்க் காகிதத்தில் பெருவிரலை அழுத்தினார். விரலில் மை காய்ந்து போயிருந்தது. மறுபடி தடவ வேண்டியிருந்தது.

5

கதவை மூடிவிட்டார்கள். காதர் அண்ணன் தொழுகைக்குப் போனார். வீட்டுக்காரர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனார். மாடு இரண்டும் அன்று ஒரு குளத்தையே குடித்திருக்க வேண்டும், அவ்வளவு நேரம் வரவில்லை.

நான் ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் உட்கார்ந்தேன். மடியில் வீட்டுக்காரரின் தலைப்பாகைத் துணி, அதற்குள் முடி.

எனக்கு வாய் சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டிலும் ஒருத்தியைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஆனால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். நம் ஊரென்றால் அந்நேரம் மரத்தடியில் பாதித் தெரு கூடியிருக்கும். ஒருத்தி ஒப்பாரிக்குக் குரலைச் சரிபண்ணுவாள், ஒருத்தி அவளை அதட்டுவாள், ஒருத்தி கஞ்சி கொண்டுவந்து உப்பில்லை என்று திட்டு வாங்குவாள். என் மாமியார் இருந்தால் "புள்ள வளக்கத் தெரியாத சிறுக்கி" என்று ஆரம்பித்து என் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். அந்தத் திட்டுக்கு அன்று எனக்கு ஏக்கமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். கடைசியில் நானே அவள் குரலில் என்னைத் திட்டிக்கொண்டேன். நானே பதிலும் சொன்னேன். மரத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சீனத்தி பையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

டிராம் வண்டி மணியடித்துப் போகும் சத்தம் தூரத்தில் கேட்டது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அத்தனை முகங்களில் ஒன்றுகூட நின்று "என்னாச்சு?" என்று கேட்கிற முகமாக இல்லை.

கை சும்மா இருக்கவில்லை. துணியை அவிழ்த்து முடியை எடுத்துக் கோதினேன். காலையில் நான் வைத்த எண்ணெய் இன்னும் வாசம் அடித்தது. சிக்கெடுத்தேன். மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினேன். தலை இல்லாமல் பின்னுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது, ஒரு முனையைக் கால் பெருவிரலில் இடுக்கிக்கொள்ள வேண்டும். பின்னும்போது ஒரு பேன் ஊர்ந்து வந்தது. என் நகத்துக்கு எத்தனை ஆயிரம் பேன் பலியாகியிருக்கும். அதைக் கொல்லக் கை வரவில்லை. அவளுடையது என்று என் கையில் உயிரோடு இருந்தது அந்த நேரத்தில் அது ஒன்றுதான். பின்னலுக்குள்ளேயே அதை விட்டுவிட்டேன்.

6

வெயில் சாய்ந்தபின் டிரெஸ்ஸர் வந்தார். நான் அவர் வாயைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். நல்ல சேதி கொண்டுவருகிற கால் வேகமாக வரும் என்று ஒரு நினைப்பு. அவர் சாதாரணமாகத்தான் நடந்தார்.

"பிள்ளை இருக்கிறாள்" என்றார். "சீழ் முழுக்க எடுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்..." என்று நிறுத்திவிட்டார். "பாக்கலாம், பேசக் கூடாது. உங்கட அவர் எங்க?"

அவர் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. காலில் செருப்பில்லை, எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார்.

வரிசையாகக் கட்டில்கள். தலை முழுக்க வெள்ளைத் துணி சுற்றி, நடுவில் மஞ்சளாக ஒரு சின்ன முகம். ஆள் மாறாட்டம் போலிருந்தது. நான் கட்டிலின் இடப்பக்கம் நின்று, பேசக் கூடாது என்றதை மறந்து, "கறுப்பாயி" என்றேன். அசையவில்லை. "ஆத்தா, கறுப்பாயி." அசையவில்லை. "ரம்புட் பாஞ்சாங்" என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்குமில்லை.

வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

டிரெஸ்ஸர் என் முழங்கையைத் தொட்டு, "அங்கால வந்து கூப்பிடுங்கோ அம்மா" என்றார். "இந்தக் காது இனிக் கேக்காது."

நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். குனிந்து கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்து, "ஆயெர்" என்றாள். தண்ணீர் கேட்கிறாள், மலாயில். என் வயிற்றில் பிறந்தது, மயக்கம் தெளிந்ததும் முதலில் வந்த பேச்சு அது. கொடுக்கக் கூடாது என்றார்கள். நனைத்த துணியால் உதட்டைத் துடைத்தேன். எந்தப் பாஷையில் கேட்டாலும் தாகம் ஒன்றுதானே என்று பெரிய ஞானி மாதிரி என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனாலும் வலித்தது. இப்போதும் கொஞ்சம் வலிக்கிறது.

7

இப்போது அவள் அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ரயிலில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெர்ரிப் படகு ஏறி வருவாள். டிராம் போய், தலைக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். "பாட்டி, நீ என்னலா சொல்றே, புரியல" என்பார்கள். நான் மலாயில் சொன்னால் என் மலாயைக் கேட்டு உருண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரிக்க ஆளாவது இருக்கிறது. மாலைப் பெர்ரிக்கு எல்லாரும் போய்விடுவார்கள். வீட்டில் வீட்டுக்காரர் படம் ஒன்று, நான் ஒன்று.

அவளோடு பாசாருக்குப் போனால் நான் எப்போதும் அவள் வலப்பக்கம்தான் நடப்பேன். இடப்பக்கத்தை அவள் அப்பா எடுத்துக்கொள்வார். அவர் பேசுகிற ஆள் இல்லை, அந்தப் பக்கம் அவருக்குச் சரி. அவர் போனபிறகு அந்தப் பக்கம் யாரும் நடப்பதில்லை.

முடி விஷயத்துக்கு வருகிறேன், அதற்குத்தானே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். காதர் அண்ணனின் மச்சான் நாகூர்க் கந்தூரிக்குக் கப்பலேறினார். அவரிடம் பின்னலை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தோம். அவர் பாவம், சொன்னபடி உங்கள் வாசல்வரை தேடி வந்து, "பினாங்குலேந்து உங்க சாமிக்குக் குடுத்து விட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் முடிச்சை அவிழ்த்து, முடியைக் கண்டு, பிள்ளை செத்துவிட்டது என்று தெருவில் விழுந்து அழுதீர்களாம். என் மாமியார் முழு ஒப்பாரியும் பாடி முடித்தாளாம். பிள்ளை உயிரோடிருக்கிறாள் என்று அடுத்த கப்பல் ஆள் வந்து சொன்னபோது, பாடியது வீணாயிற்றே என்று கோபித்துக்கொண்டாளாம். எப்படியோ கறுப்பர் வாசலில் இறக்கினீர்கள், அது போதும். எங்கள் மூன்று பேரில் ஊருக்குத் திரும்பியது அது ஒன்றுதான். இன்னொன்று, பின்னலுக்குள் ஒரு பேன் இருந்தது என்று முன்னமே எழுதினேன். அதன் வம்சம் அங்கே யார் தலையிலாவது இருந்தால் என்னிடம் கேட்டு ஆள் அனுப்பாதீர்கள்.

8

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வண்டி தெருமுனை திரும்பியதும் அத்தனை கதவும் திறந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனது உயிரோடு திரும்பி வந்தால் சும்மா இருப்பார்களா? வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

"என்னடி நடந்துச்சு செல்லம்மா? புள்ளைக்கு மொட்டையா அடிச்சிருக்கு? காதுல என்ன இம்மாம் பெரிய கட்டு?"

பாயசம் கொடுத்த கையை எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பால் பீய்ச்சியவள் கண்ணில் தண்ணீர். அவர்கள் என்னை அழச் சொல்லிக் காத்திருப்பது தெரிந்தது. நான் அழுதிருந்தால் அவர்களும் அழுதிருப்பார்கள், எனக்கும் ஆறியிருக்கும். வாய் கேட்கவில்லை.

"விசேஷம் வச்சோம்" என்றேன். "புள்ளைக்கு மொட்டையடிச்சுக் காது குத்தினோம். பெரிய வெள்ளைக் கட்டடம் பிடிச்சு, வெள்ளைக்காரனைக் கூப்பிட்டுக் குத்தினோம். அவனுக்குப் பழக்கமில்ல பாவம், கொஞ்சம் ஆழமாக் குத்திட்டான்."

"அடிப் பாதகத்தி!" என்று சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்களை ஒரு வார்த்தை கூப்பிடலியே?"

"சொந்தக்காரங்க நெறையப் பேரு வருவாங்கன்னு நெனைச்சேன். அதான் வந்தவங்கள வாங்கன்னு சொல்றதுக்கு நானே வாசல் மரத்தடியில பொழுது சாயுற வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல."